ஒன்னு போனா இன்னொன்னு இருக்கே! - ஒரு ஸ்டாண்ட்பை வரலாறு

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

உங்க இதயத்துக்குள்ள மூணு அடுக்கு கன்ட்ரோலர் இருக்கு, தெரியுமா? மேலே எஸ்.ஏ. நோடு. நிமிஷத்துக்கு 60 முதல் 100 துடிப்பு அதோட வேலை. அது படுத்துட்டா ஏ.வி. நோடு பகுதி 40 முதல் 60 வரை கொடுத்து ஒப்பேத்தும். அதுவும் போனா வென்ட்ரிக்கிள் தானே 20 முதல் 40 வரை தட்டுத்தடுமாறி ஓட்டும். இதுல அழகு என்னன்னா, மேலிருந்து வேகமான துடிப்பு வந்துட்டே இருக்கும்வரை கீழே இருப்பவை அடங்கியே இருக்கும். அது நின்னா கொஞ்ச நேரத்தில் தானா எழுந்துக்கும். யாரும் ஸ்விட்ச் போட வேண்டாம்.

மருந்துக் கம்பெனி, சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் இங்கெல்லாம் இதே ஏற்பாட்டை மனுஷன் செஞ்சு வச்சிருக்கான். வால்வைத் திறக்க, மோட்டாரை நிறுத்த, வெப்பத்தைப் பார்க்க பிஎல்சி என்ற சின்ன கம்ப்யூட்டர். அது நின்னா ஆலை நிக்கும், சில இடத்தில் வெடிக்கும். அதனால பக்கத்திலேயே இன்னொன்னு. முதலாவது ஒவ்வொரு சுற்றும் தன் கணக்கையெல்லாம் ரெண்டாவதுக்கு அனுப்பிட்டே இருக்கும். கூடவே "நான் உயிரோட இருக்கேன்" என்று ஒரு சிக்னல். அந்த சிக்னலுக்கு இன்ஜினியர்கள் வச்ச பேரே ஹார்ட்பீட் தான்! அது சில சுற்று வரலைன்னா ரெண்டாவது பொறுப்பை எடுத்துக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1952-ல் கணித மேதை ஜான் வான் நாய்மன் அமெரிக்காவில் கால்டெக்கில் சில உரைகள் ஆற்றினார். நம்ப முடியாத பாகங்களை வச்சு நம்பக்கூடிய இயந்திரத்தைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. நரம்பு செல்கள் பற்றிய அன்றைய ஆய்வுகள் அவர் மனசில் இருந்தது. ஒரே வேலையைப் பல பாகங்களிடம் கொடு, பெரும்பான்மை சொல்வதை எடுத்துக்கோ. சுருக்கமா இதுதான் அவர் பதில்.

1965-ல் பெல் நிறுவனம் நியூஜெர்சியில் சக்கசன்னா என்ற ஊரில் கம்ப்யூட்டர் இயக்கும் டெலிபோன் எக்சேஞ்சைத் திறந்தது. உள்ளே ரெண்டு புராசசர், ஒன்னுக்கொன்னு ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே ஓடும். 40 வருஷத்தில் மொத்தமே 2 மணி நேரம்தான் நிக்கலாம் என்பது அவங்க வச்ச இலக்கு. (நம்ம வார்டு லிஃப்டுக்கு இப்படி ஒரு இலக்கு வச்சா எப்படி இருக்கும்!) நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய கம்ப்யூட்டரில் லாஜிக் சர்க்யூட் மூணு மூணா இருந்தது, ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும். பிஎல்சி வந்ததும் அதே காலம்தான். டிக் மோர்லி குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084, 1969-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குப் போச்சு.

சரி, ரெண்டு வச்சாச்சு, மூணு வச்சாச்சு. பிரச்சனை தீர்ந்ததா?

இங்கதான் என் துறைக்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் வருது. கடவுளோ இயற்கையோ நமக்கு ரெண்டு கிட்னி கொடுத்திருக்கு. ஒன்னுல கல் அடைச்சாலும் இன்னொன்னு தாங்கும். ஒன்னைத் தானமா கொடுத்துட்டு நல்லா வாழ்றவங்க இருக்காங்க. ஆனா சர்க்கரை நோய் வந்து 15 வருஷம் கவனிக்காம விட்டா? அது "இடது கிட்னியை மட்டும் எடுத்துக்கறேன்" என்று சொல்லாது. ரெண்டும் ஒரே ரத்தத்தில் குளிக்குது, ரெண்டும் சேர்ந்தே போகும்.

ஜூன் 4, 1996. பிரெஞ்சு கயானாவில் குரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம்புது ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ராக்கெட் எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு வேகம் என்று சொல்ல ரெண்டு கருவிகள். ஒன்னு வேலை செய்யும், இன்னொன்னு ஹாட் ஸ்டாண்ட்பை. ரெண்டும் ஒரே ஹார்டுவேர், ஒரே சாஃப்ட்வேர். பழைய ஏரியான் 4-ல் நல்லா ஓடின சாஃப்ட்வேர்தான்.

அதுக்குள்ள ஒரு சின்ன வேலை ஓடிட்டிருந்தது. ராக்கெட் தரையில் நிக்கும்போது கருவியை நேராக்கும் கணக்கு. கிளம்பின பிறகு அதுக்கு வேலையே இல்லை. ஆனா ஏரியான் 4-க்காகக் கிளம்பின பிறகும் ஏறத்தாழ 40 விநாடி ஓடும்படி வச்சிருந்தாங்க, அப்படியே இங்கயும் வந்துடுச்சு. ஏரியான் 5 பக்கவாட்டில் அஞ்சு மடங்கு சீக்கிரமா வேகமெடுக்கும் ராக்கெட். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் மாத்தணும். அந்த இடம் 32,767 வரைக்கும்தான் தாங்கும். எண் அதைத் தாண்டிடுச்சு.

கருவி என்ன செஞ்சது? தன்னையே நிறுத்திக்கிச்சு. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. கோளாறு வந்தா ஹார்டுவேர் பழுதாத்தான் இருக்கும், ஒதுங்கிடு, பக்கத்துல இருப்பவன் பார்த்துப்பான்.

பக்கத்துல இருப்பவன்? அவன் அதே எண்ணைப் பார்த்து அதே காரணத்துக்காக 0.072 விநாடிக்கு முன்னாடியே நின்னு போயிருந்தான். முதலில் போனது ஸ்டாண்ட்பை! அப்புறம்தான் மெயின்.

கிளம்பி சுமார் 37-வது விநாடி அது. நின்னுபோன கருவி அனுப்பின பழுதுத் தகவலை ராக்கெட்டின் மெயின் கம்ப்யூட்டர் பறக்கும் திசை என்று நினைச்சு, இல்லாத சாய்வை நிமிர்த்த முனைகளை முழுசா திருப்பிடுச்சு. ராக்கெட் உடைஞ்சு சிதறியது. உள்ளே நாலு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். விஞ்ஞானிகளோட பல வருஷ உழைப்பு அது.

எனக்கு இதில் உறுத்துவது அந்த எண் இல்லீங்க. எண் தப்பு எங்கயும் வரும். "ரெண்டு இருக்கு" என்பதே யோசிக்காம இருக்க ஒரு காரணமா ஆயிடுச்சு பாருங்க, அதுதான். ஒரே அம்மா வயித்து ரெட்டைப் பிள்ளைக்கு ஒரே பரீட்சையில் ஒரே கேள்வி தெரியலைன்னா ஆச்சரியம் என்ன?

இதை முன்னாடியே யோசிச்சவங்க உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் அஞ்சு கம்ப்யூட்டர். நாலில் ஒரே நிரல். அஞ்சாவதில் வேறொரு குழு தனியா எழுதின நிரல். நாலும் ஒரே தப்பைச் செஞ்சா அஞ்சாவது காப்பாத்தணும். ஆனா அதுலயும் ஒரு வேடிக்கை. 1981 ஏப்ரல் 10, முதல் பயணம். கிளம்ப சுமார் 20 நிமிஷம் இருக்கும்போது அஞ்சாவதுக்கும் மத்த நாலுக்கும் நேரம் ஒத்துப்போகலை. பயணம் ரத்து. 12-ம் தேதிதான் பறந்தது. ஸ்டாண்ட்பை சேர்த்தா அதோட சேர்ந்து ஒரு புதுச் சிக்கலும் வரும், வேற வழியில்லை.

ஆலைகளில் இன்னொரு சிக்கல். ரெண்டு கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள கேபிள் அறுந்தா? ரெண்டும் உயிரோட இருக்கும், ஒவ்வொன்னும் மத்தது செத்துடுச்சுன்னு நினைச்சு ஆட்சிக்கு வரும். எங்க பாஷையில் கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்: மேல் அறை தன் தாளத்தில், கீழ் அறை தன் தாளத்தில். அதனாலதான் விவரமானவங்க ரெண்டு கேபிள் போட்டு, ரெண்டையும் வேற வேற வழியில் கொண்டு போவாங்க. மின்சாரமும் தனித்தனி. ரெண்டு கன்ட்ரோலரையும் ஒரே யுபிஎஸ்-ல் சொருகி வச்சா அது ஒரு கன்ட்ரோலர்தான்.

பராமரிப்புதான் இதில் கஷ்டமான வேலை. மெயின் பழுதானா ஊருக்கே தெரியும். ஸ்டாண்ட்பை செத்தா யாருக்கும் தெரியாது, அது தேவைப்படும் நாள் வரைக்கும். அதனால நல்லா ஓடிட்டிருக்கும்போதே, தேதி குறிச்சு, வேணும்னே மெயினை நிறுத்திப் பார்க்கணும். ஒன்னுல நிரலை மாத்தினா இன்னொன்னுலயும் மாறிச்சான்னு பார்க்கணும். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் அப்படித்தான். இன்ஜின் நல்லா இருக்கும், டீசல் நிறைய இருக்கும், ஸ்டார்ட் பண்ற பேட்டரி செத்திருக்கும். வென்டிலேட்டரோட உள் பேட்டரிக்குக் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கத் தெரியும். "பேக்கப் இருக்குல்ல சார்" என்று யாராவது சொன்னா, "கடைசியா எப்ப ஓட்டிப் பார்த்தீங்க?" என்பதுதான் என் அடுத்த கேள்வி. கொஞ்சம் எரிச்சலாத்தான் பார்ப்பாங்க, பரவாயில்லை.

ஏரியான் 5 விபத்தை ஆராய ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் குழு போட்டாங்க, ஒன்றரை மாசத்தில் அறிக்கை வந்துடுச்சு. அதன் முதல் பரிந்துரை ரொம்ப எளிமை: தரைக் கணக்கை ராக்கெட் கிளம்பினதும் நிறுத்திடுங்க. போன செயற்கைக்கோள்களுக்குப் பதிலா, கையில் இருந்த ஸ்பேர் பாகங்களை வச்சு ஒன்னு கட்டினாங்க, பேர் பீனிக்ஸ். அப்புறம் மீதி மூணையும் புதுசா செஞ்சு, 2000-ல் பைகோனூரிலிருந்து சோயுஸ் ராக்கெட்டில் ரெண்டு ரெண்டா அனுப்பினாங்க. நாலும் போய்ச் சேர்ந்துடுச்சு.