பொன் பதித்த ஈட்டிமுனை

பகைவன் மார்பில் பாய்வதற்கென்றே வடிக்கப்படும் ஈட்டிமுனைக்குப் பொன்னும் வெள்ளியும் எதற்கு என்னும் சந்தேகம், நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ள திபெத்திய ஆயுதங்களைக் காண்போருக்கு எழுவது சகஜமே. அஹிம்சா தர்மத்தின் உறைவிடமென்று நாம் போற்றும் திபெத்துக்கும் போர்க்கருவிக்கும் சம்பந்தம் ஏது என்றிருந்தவர்களுக்கு, 2006-இல் டொனால்ட் லராக்கா என்னும் அறிஞர் அங்கே அமைத்த கண்காட்சி தக்க விடையாயிற்று.

வேலைப்பாட்டை முதலில் பார்ப்போம். இரும்பின் மேற்பரப்பில் கூரிய உளியால் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை இட்டு, அந்தச் சொரசொரப்பின்மீது மெல்லிய பொற்கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டினால், பொன் அக்கீறல்களைக் கவ்விக்கொள்ளும். பின்னர் தேய்த்து மெருகேற்றிவிட்டால், கொடியும் சுருளும் அந்தக் கருநிற இரும்பிலேயே முளைத்தெழுந்தனவோ என்று மயங்கும்படி ஒளிரும். கிழக்குத் திபெத்தில் காம் பிரதேசத்துத் தெர்கே என்னும் ஊர் இத்தகைய இரும்பு வேலைக்குப் பெயர் பெற்றது. ஈட்டியின் மரக்காம்பையும் திபெத்தியக் கொல்லர்கள் சும்மா விடவில்லை. இரும்புப் பட்டையைச் சுருள்சுருளாக அதன்மேல் சுற்றி, வாள்வெட்டு விழுந்தாலும் துண்டாகாதவாறு பலப்படுத்தினார்கள். அழகுணர்ச்சி எவ்வளவு இருந்ததோ அவ்வளவு யுத்த ஞானமும் இருந்ததென்பதற்கு இந்தப் பட்டை ஒன்றே போதும்.

எனினும், இவ்வளவு திரவியத்தை ஒரு முனையில் இழைத்தது சாதாரணச் சிப்பாயின் கைக்காக அன்று என்பதே என் அபிப்பிராயம். திபெத்திய மடாலயங்களில் கோன்காங் எனப்படும் இருண்ட சந்நிதி ஒன்று உண்டு. தர்மத்தைக் காக்கும் உக்கிர மூர்த்திகளான தர்மபாலர் உறையும் அவ்விடத்தில் வாளும் வில்லும் கவசமும் ஈட்டியும் காணிக்கையாகச் சமர்ப்பிக்கப்பட்டன. பழைய ஆயுதங்கள் பல நமக்கு எஞ்சியதற்கு இந்தப் பக்தியே பெரிய காரணம். 1409-இல் சோங்கப்பா என்னும் பௌத்த ஆசாரியர் தொடங்கிவைத்த மோன்லாம் என்னும் மகா பிரார்த்தனைத் திருவிழாக் காலத்தில், பழங்காலக் கவசம் பூண்ட குதிரைவீரர் ஈட்டியேந்தி லாசாவில் அணிவகுப்பதை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் வெளிநாட்டார் கண்டு புகைப்படம் எடுத்திருக்கின்றனர்.

திருவிழாவில் மிளிர்ந்த ஈட்டி போர்க்களத்தில் என் செய்யும்? 1904 மார்ச் 31 அன்று, திபெத்துக்குள் படையெடுத்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டின் படை கூரு என்னுமிடத்தில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுடன் நின்றபோது, திரித்துப்பாக்கியும் வாளுமே துணையாகக் கொண்ட திபெத்தியர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அதை யுத்தம் என்பதைவிடச் சங்காரம் என்பதே பொருந்தும். அந்தப் படையெடுப்பின்போது கைப்பற்றப்பட்ட பொருள்கள் பல பிரிட்டிஷ் காட்சிசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

சிறு இரும்புத் தகடுகளைத் தோல்வாரால் கோத்துச் செய்த திபெத்தியக் கவசத்தைப் பற்றி அடுத்த வாரம் காண்போம்.