தெய்வ ஓவியத்தில் தன்னுருவம்

நேமத்தான்பட்டி முதலிய நகரத்தார் ஊர்களின் பழைய இல்லங்களில் இருவகைப் படங்களைக் காணலாம். ஒன்று, பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர்ப் பாணித் தெய்வப் படம். மற்றொன்று, இல்லத்து முன்னோரின் உருவப் படம். முன்னது வழிபாட்டிற்கும் பின்னது நினைவிற்கும் உரியன. இவ்விரண்டினும் இடம்பெறாத முகம் ஒன்றுண்டு. அது வரைந்தவன் முகம். தெய்வ ஓவிய முறையில் ஓவியன் தன்னை வரைந்துகொள்ள மரபு இடந்தந்ததா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆற்றல் இன்மையால் அம்முகம் விடுபட்டது எனல் பொருந்தாது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. நெடுநல்வாடை புனையா ஓவியத்தைச் சுட்டுகிறது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், கண்ணாடி நிழல்போல் ஒத்த உருவம் வரைதலைத் தனிவகையாகக் கொள்கிறது. தடை வேறிடத்தது. தெய்வ உருவம் குறைபட அமையினும் நலந்தரும். மானிட உருவம் செம்மையாக அமையினும் நலந்தாராது என்பது சுக்கிரநீதியின் கருத்து.

எனினும் வழக்கு அவ்விதியளவில் நின்றுவிடவில்லை. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் சிம்மவிண்ணன், மகேந்திரன் எனப் பெயர் பொறித்த அரச உருவங்கள் உள. சித்தன்னவாசல் தூணில் அரசனும் அரசியும் வண்ணத்தில் நிற்கின்றனர். அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, திருப்பணி செய்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தூரிகை பிடித்தவனைக் குறித்திலது. சிதம்பரம் வடகோபுரத்திலோ, அதனைச் சமைத்த கைவினைஞர் சிலரின் உருவங்கள் பெயரோடும் அளவுகோலோடும் செதுக்கப்பட்டுள்ளன. நம் ஆய்விற்கு நெருங்கிய சான்று இதுவேயாம்.

இனி, தஞ்சை ஓவியத்தின் செய்முறையை நோக்குவாம். பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, கோடு இழுப்பர். அணிகலனும் மண்டபமும் அமையும் இடங்களைப் புடைப்பாக்கி, கற்களைப் பதித்துப் பொற்றகடு ஒட்டுவர். பின்னர் வண்ணந்தீட்டி இறுதியிற் கண் திறப்பர். பொன் அணிக்கும் சூழலுக்குமே உரியது. முகம் வண்ணத்தாலேயே உருப்பெறுகிறது. எனவே மானிட முகத்தை வரைய இச்செய்முறை தடையன்று. இரண்டாம் சரபோசி (1798-1832) முதலிய மராட்டிய மன்னர் உருவங்களும் இம்முறையில் எழுதப்பட்டன.

அங்ஙனமாயின் தடை யாது? இடமே எனக் கருதுகின்றோம். நடுவில் நேர்நோக்கி அமைதல் பெரும்பான்மையும் தெய்வத்திற்கு உரியது. அடியார் ஒருபுறம் ஒதுங்கிக் கைகூப்புவர். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1500இல், தம் 28ஆம் வயதில், கிறித்துவின் திருவுருவத்தை ஒப்பத் தம்மை நேர்முகமாக மரப்பலகையில் எழுதினார். தெய்வத்தின் இடத்தில் தம்மை நிறுத்தினார். சிதம்பரத்துக் கைவினைஞரோ கருவறை நாடாது, வாயிற்கோபுரத்தில் தம் அளவுகோலோடு நின்றனர். தன்னுருவம் இருவர்க்கும் ஒக்கும். நிற்கும் இடமே வேறு. இன்று தஞ்சை முறையில் தன்னை எழுத விழையும் ஓவியன் இவ்வேறுபாட்டை எண்ணித் துணிதல் வேண்டும்.

செட்டிநாட்டு இல்லங்கள் பல பிரிக்கப்பட, அவற்றின் படங்கள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்துள்ளன. சட்டத்தைத் துடைத்துப் புதுக்குமுன் பலகையின் பின்புறத்தையும் படத்தின் ஓரத்தையும் ஆராய்ந்து, எழுத்து உளதேல் படியெடுத்தல் மாணவர் கடனாகும். முகம் எழுதாது சென்றவன் பெயரையேனும் யாம் இழத்தல் தகாது.