யார்க் நகரின் கசாப்பு வீதி

கி.பி. 71-இல் ரோமானியர் அமைத்த கோட்டையினின்று வளர்ந்த யார்க் நகரத்துக்கு வருவோர், 1472-இல் பூர்த்தியான பேராலயத்தின் கம்பீரத்தைக் கண்டு பிரமித்தபின், ஷாம்பிள்ஸ் என்னும் குறுகிய வீதிக்குள் நுழைவது வழக்கம். மாமிசம் பரப்பி வைத்த பலகைகளைக் குறித்த பழஞ்சொல்லின் திரிபே அப்பெயர். எதிர்வீட்டைத் தொட்டுவிடுமோ என்னும்படி மேல்மாடிகள் முன்னே நீண்டு நிற்கும் மரச்சட்ட வீடுகள், இறைச்சியின்மேல் வெயில் படாமல் நிழல் தந்தன. இரத்தமும் கழிவும் நடுவே வழிந்தோடும் பொருட்டு, இருபுறமும் நடைபாதைகள் உயர்த்திக் கட்டப்பெற்றன. 1872-இல்கூட 25 கசாப்புக் கடைகள் இருந்த அவ்வீதியில், இன்று மிட்டாயும் நினைவுப்பொருளும் விற்கும் கடைகளின் முகப்பில், ஆட்டுத்தொடைகள் தொங்கிய இரும்புக் கொக்கிகளும் அகன்ற ஜன்னற்பலகைகளும், மறைந்துபோன ஒரு தொழிலின் மௌன சாட்சிகளாக எஞ்சியிருக்கின்றன.