நிலைக்கோப்புகளும் கேஷ் தலைப்புகளும்: தமிழ் எழுத்துருக்களின் வழியே ஒரு வரலாறு

படம், பாணிக்கோப்பு, எழுத்துரு, அட்டவணை போன்றவை யார் கேட்டாலும் மாறாத வடிவில் அனுப்பப்படுவதால் நிலைக்கோப்புகள் எனப்படுகின்றன. உலாவி அவற்றைத் தன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைச் சர்வர் தன் பதிலோடு அனுப்பும் தலைப்பு வரிகள் அறிவிக்கின்றன. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட மறு ஆண்டு வெளியான உலாவியும் சர்வரும் தொடர்புகொள்ளும் விதிமுறையான எச்.டி.டி.பி.யின் 1.0 ஆவணத்தில், காலாவதி நாளைக் குறிக்கும் ‘எக்ஸ்பயர்ஸ்’, திருத்த நேரத்தைக் குறிக்கும் ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ ஆகிய தலைப்புகளே முதன்மையாக இருந்தன. இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாதபோது நாள் கணக்கு பிழைபட்டதால், 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பு, ஆயுளை விநாடிகளில் சொல்லும் ‘கேஷ்-கன்ட்ரோல்’ தலைப்பையும், கோப்பின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அடையாளம் தரும் ‘ஈடேக்’ தலைப்பையும் சேர்த்தது.

தமிழ்த் தளங்களுக்கு இந்த மாற்றம் உயிர்நாடியாக அமைந்தது. யூனிகோடு பரவலாகாத அந்நாளில் ஒவ்வொரு தளமும் தனக்கெனக் குறியேற்றமும் எழுத்துருவும் வைத்திருந்தது. 1997இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 போன்ற உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே இறக்கத் தொடங்கின. தளம் குறியேற்றத்தை மாற்றியபின்பும் வாசகரின் கேஷில் பழைய எழுத்துருவே தங்கியிருந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகிவிடும். யூனிகோடு இந்த இடரை நீக்கியது. பின்னர் 2010இல் தொடங்கிய கூகுள் ஃபான்ட்ஸ், ஒரு தளத்துக்காக இறங்கிய எழுத்துரு பிற தளங்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையை வளர்த்தது. ஆயினும் தனியுரிமை கருதிக் குரோம் உலாவி 2020இல் தன் 86ஆம் பதிப்பிலிருந்து கேஷைத் தளவாரியாகப் பிரிக்கத் தொடங்கியதால், அந்தப் பொதுப் பயன் மறைந்து, தன் எழுத்துருவுக்கான தலைப்புகளைச் சரியாக அமைக்கும் பொறுப்பு ஒவ்வொரு தளத்தையும் சேர்ந்தது.

பிழையறிதலில் மிகுதியும் தவறவிடப்படுவது தலைப்பே இல்லாத நிலைதான். ஆயுள் குறிப்பிடப்படாதபோது, கடைசித் திருத்தத்திலிருந்து கழிந்த காலத்தில் 10 விழுக்காட்டை உலாவி தானே ஆயுளாகக் கொள்வது வழக்கம். எடுத்துக்காட்டாக, திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசி விழாவின் பகல்பத்து, இராப்பத்து நிகழ்ச்சி நிரல் ஆண்டுதோறும் ஒரே பெயருள்ள கோப்பாக ஒரு தளத்தில் ஏற்றப்படுகிறது எனக் கொள்ளலாம். சென்ற ஆண்டுக் கோப்பு 300 நாள்களாகத் திருத்தப்படாதிருக்க, ஜீயபுரத்தில் ஒருவர் அதைத் திறந்தால், அவருடைய கைபேசி 30 நாள்கள் வரை சர்வரைக் கேட்காமலே அதைக் காட்டக்கூடும். மறுநாளே புதிய நிரல் ஏற்றப்பட்டாலும் அவர் காண்பது பழைய நிரலாகவே இருக்கும். ஆண்டுக்கொருமுறை மாறும் கோப்புக்கே இந்த ஊகம் மிகுந்த தீங்கு செய்கிறது என்பது கவனத்துக்குரியது.

பிற பிழைகள் சர்வரின் அமைப்பிலிருந்து எழுகின்றன. அப்பாச்சி சர்வர் மென்பொருளின் 2.2 பதிப்புவரை ஈடேக்கில் வட்டிலுள்ள கோப்பின் உள் எண்ணும் கலந்திருந்ததால், ஒரே கோப்பைப் பல சர்வர்கள் வழங்கும்போது அடையாளங்கள் வேறுபட்டு, மாறாத கோப்பும் மீண்டும் மீண்டும் முழுமையாக இறங்கியது; 2.4 பதிப்பு அவ்வெண்ணை இயல்பமைப்பிலிருந்து நீக்கியது. என்ஜின்எக்ஸ் என்னும் மற்றொரு சர்வர் மென்பொருளின் அமைப்பில், உட்பிரிவு ஒன்றில் ஒரு தலைப்பைச் சேர்த்தாலே மேற்பிரிவில் அதே கட்டளையால் சேர்க்கப்பட்டவை அங்குச் செல்லாமற்போவது வழக்கமாதலால், ‘கர்ல்’ கருவியால் அந்தக் கோப்பின் முகவரிக்கே வரும் தலைப்புகளைப் பார்ப்பது முதற்படியாகிறது.

நிலையான தீர்வு பெயரிடுதலில் அமைந்தது: உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீட்டைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்தால், உள்ளடக்கம் மாறும்போது பெயரும் மாறுவதால், ஆயுளை ஓராண்டுக்குரிய 31536000 விநாடிகள் எனத் துணிந்து தரலாம். 2017இல் வரையறுக்கப்பட்ட ‘இம்யூட்டபிள்’ குறிப்பு, அத்தகைய கோப்பைப் பற்றி இடையில் மறுவிசாரணையும் தேவையில்லை என உலாவிக்கு உணர்த்துகிறது. கோப்பைச் சுட்டும் எச்.டி.எம்.எல். பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கச் செய்வது இம்முறைக்கு இன்றியமையாதது. 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 என்னும் இணையத் தர ஆவணம் கேஷ் விதிகளைப் புதுப்பித்தபோதும் ஊக ஆயுளுக்கு இடமளித்திருப்பதால், தலைப்பின்றி அனுப்பப்படும் கோப்பின் காலத்தை இன்றும் உலாவியே கணிக்கிறது.