சர்வகலாசாலைக்குப் படி எங்கே?

சிங்கப்பூரில் 1905-ல் தோன்றிய வைத்தியப் பள்ளியும் 1928-ல் திறந்த ராபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாகி, கார் சாண்டர்ஸ் குழுவினரின் யோசனைப்படி 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக் கழகம் உதயமாயிற்று. நாடு மகிழ்ந்தது, மகிழத்தக்கதே.

ஆயினும், அவ்வாயிலை எட்டத் தோட்டப் பிள்ளைக்கு இருந்த படிகள் எத்தனை? ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பாடசாலை வேண்டுமென்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம். பாடசாலைகள் வந்தன. பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். கிராணியோ கங்காணியோ ஆசிரியர் வேடம் பூணுவதும் உண்டு! ஆரம்ப வகுப்புகளோடு தமிழ்ப் படிப்பு நின்றது. பல்கலைக் கழகமோ ஆங்கிலத்தில் நடந்தது. இடையிலிருந்த ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில். அதற்குச் சம்பளம் வேறு. பால் வெட்டும் கூலியில் அதனை எவ்வாறு கட்டுவது? பள்ளி வைக்கச் சொன்ன சட்டம், பள்ளிக்குப் பின் என்னவென்று கேட்கவேயில்லை.

இந்நிலையில்தான், பல்கலைக் கழகத்தின் இந்தியக் கல்விப் பகுதியில் முதன்மை தமிழுக்கா, சமஸ்கிருதத்துக்கா என்ற வாதம் மூண்டது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் கூலியிலிருந்து வெள்ளி எடுத்துக் கொடுத்தனர். தம் பிள்ளைகள் நுழைய வழியில்லாத கழகத்துக்கு அவர்கள் கொடுத்தார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1956-ல் அப்பகுதி தொடங்கிற்று, தமிழ் இடம்பெற்றது, நூலகத்துக்குத் தமிழ் நூல்களும் வந்தன. அவ்வாண்டுகளிலும், கொடுத்தவர்தம் பிள்ளைகளிற் பலர் ஆறாம் வகுப்பை முடித்துப் பால்வாளி தூக்கிக்கொண்டிருந்தனர்.