நடத்தை என்கிற சொல்

அன்னி பெசன்ட் என்றதும் நமக்கு அடையாறும் ஹோம் ரூலும்தான் ஞாபகம் வரும். பெற்ற மகளை அவர் கோர்ட்டில் பறிகொடுத்த கதையை யாரும் பேசுவதில்லை.

1873இல் பாதிரியார் கணவரைப் பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி மகன் அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம். 1877இல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து கருத்தடை நூலை வெளியிட்டதற்காக வழக்கு. மறுவருஷமே லண்டன் சான்சரி நீதிமன்றம் ஏழு வயசு மேபலைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தாச்சு. தாய் பிரியமாக, நல்லபடியாக வளர்த்தாள் என்பதை நீதிபதி ஜெசலே ஒப்புக்கொண்டார். ஆனால் அவள் நாத்திகவாதி. மகளுக்கு மதக்கல்வி தர மறுப்பவள். கௌரவமான பெண்கள் அண்டத் தயங்குகிற நூலைப் போட்டவள். ஆக, விசாரிக்கப்பட்டது வளர்ப்பு இல்லை, 'அவ எப்படிப்பட்டவ' என்கிற ஊர்ப்பேச்சு. அதற்கு வைத்த பெயர் குழந்தையின் நலன்.

இந்த நலன் என்கிற சொல்லாடல் கப்பலேறி இங்கேயும் வந்தது. இன்றும் அமலில் இருக்கும் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நலனைத் தீர்மானிக்கக் குழந்தையின் வயது, பால், மதம் ஆகியவற்றோடு காப்பாளராக வருபவரின் நடத்தையையும் பார்க்கச் சொல்கிறது. பிரிந்து வாழும் பெண்ணின் நடத்தையை யார் அளப்பது, எந்தப் படியால்? விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தைப் பற்றியும் அதே பிரிவில் ஒரு வரி உண்டு. இலக்கணம் படித்தவன் என்பதால் வினைமுற்றில்தான் என் கண் நிற்கிறது: நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ள'லாம்'.

மேபல் வளர்ந்ததும் அம்மாவிடமே திரும்பி வந்தாள்.