கட்டற்ற மென்பொருள்: மாலை யாருக்கு?

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பாட்டி, பேரனின் பிறந்தநாளுக்காகக் குடும்பப் புலனக் குழுவில் 'கொண்டாட்டம்' என்று தட்டுகிறார். எழுத்து பிசகாமல் விழுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே சொல்லைக் கணினியில் அடிக்க, அதற்கென்று எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் தேடிப்பிடித்துப் பொருத்த வேண்டியிருந்தது. இன்று யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வசதிக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விடப்பட்ட உழைப்பு. அப்படிப்பட்ட பணிக்கு விருது, பாராட்டு, பொன்னாடை என்று வரும்போது யாரை மேடைக்கு அழைப்பது என்பது எளிதில் தீராத கேள்வி. உலக அளவில் பெரிய அமைப்புகளும் தமிழ் அமைப்புகளும் அதற்கு வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகாது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அமைப்பின் வரையறைப்படி பயனருக்கு நான்கு உரிமைகள் வேண்டும்: எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம்; உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம்; பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம்; மாற்றிய வடிவத்தையும் வெளியிடலாம். இவற்றுக்கு மூலநிரல் பொதுவில் இருக்க வேண்டும். மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது.

நன்றி சொல்லும்போது இந்த வேறுபாடு முக்கியம். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் நிறுவனத் தயாரிப்பாக வளர்ந்தது. கணினித் தமிழில் மலேசியாவின் பெருமை என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். அதற்குத் தரும் பாராட்டு கணினித் தமிழுக்கு ஆற்றிய பணிக்கான பாராட்டு. கட்டற்ற மென்பொருளுக்கான பாராட்டோ, செய்ததைப் பொதுவில் விட்டதற்கும் சேர்த்துத் தரப்படுவது. இரண்டும் தகுதியானவை; அளவுகோல்தான் வேறு.

ஓர் எழுத்துக்கு எத்தனை பேர்?

நடைமுறையில் இரண்டும் பின்னிப் பிணைந்தவை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதும் அஞ்சல் விசைமுறை முரசு அஞ்சல் வழியாகப் பரவியது. பிறகு தமிழா குழுவின் முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பை அதே முறையை ஆயிரக்கணக்கானோரின் விண்டோஸ் கணினிகளுக்குக் கொண்டு சென்றது. எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற இயந்திரத்தின் மேல் இயங்கின. அதை எழுதியவர் தமிழரே அல்லர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின். அன்று கட்டற்றதாக இல்லாத கீமேனும் பின்னாளில் திறந்து விடப்பட்டது.

பாட்டி தட்டிய 'கொ'வையே எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவில் முதலில் 'க' இருக்கும், அதன் பின் ஒகரக் குறி வரும். திரையிலோ கொம்பு 'க'வுக்கு முன்பும் கால் பின்பும் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள். அதன் முதன்மை ஆக்குநர் பெஹ்தாத் எஸ்பாபோத் ஈரானில் பிறந்தவர். 2013இல் ஓரெய்லி திறமூல விருது பெற்றவர்களுள் அவரும் ஒருவர். நம் வீடுகளில் தினமும் தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்கி வைக்கும் அவர் பெயரைக் கேள்விப்பட்ட தமிழர் மிகக் குறைவு.

விருதுகள் எப்படித் தேர்கின்றன?

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1998 முதல் தனிநபர் விருது வழங்குகிறது. பொதுமக்கள் பரிந்துரைக்கலாம், குழு ஒன்று தேர்ந்தெடுக்கும். முதல் விருது பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் என்பவருக்குக் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் நிரல் எழுதியவர்களே தேர்வானார்கள். பிறகு பார்வை விரிந்தது. 2017க்கான விருது வழக்கறிஞர் கேரன் சாண்ட்லருக்கும், 2018க்கான விருது சமூகங்களை ஒருங்கிணைத்த டெபோரா நிக்கல்சனுக்கும் சென்றன. சிறந்த புதிய பங்களிப்பாளருக்கான முதல் விருதைப் பெற்றவர் பிரேசிலைச் சேர்ந்த கிளாரிசா லிமா போர்ஜெஸ். குனோம் செயலிகளைச் சாதாரண மக்கள் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தது அவருடைய பணி.

தமிழில், கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் சுந்தர ராமசாமி நினைவாகக் கணிமை விருது வழங்கி வருகிறது. 2006க்கான விருது எ-கலப்பை முகுந்தராஜுக்கும், அடுத்த ஆண்டுக்கானது பழைய எழுத்துருக்களில் இருந்த தமிழை மாற்றித் தரும் பொங்குதமிழ்ச் செயலியை உருவாக்கிய சுரதா யாழ்வாணனுக்கும், 2008க்கானது மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரத்திற்கும் வழங்கப்பட்டன. ஓர் இலக்கிய அமைப்பு எழுத்தாளர்களோடு மென்பொருள் ஆக்குநர்களையும் சம இருக்கையில் அமர்த்தியது பெரிய செய்திதான்.

ஆளுக்கா, அணிக்கா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கணினித் தன்னார்வலர்கள் ஒன்றுகூடிச் சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பட்டியல், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றை அது ஒழுங்குபடுத்தியது. கட்டற்றதாக இருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அதை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. விருது தனி மனிதருக்குப் போகவில்லை, திட்டத்திற்கே போனது.

இதற்கு நேர்மாறான தேர்வும் உண்டு. இலக்கியத் தோட்டத்தின் 2015க்கான இயல் விருது, தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்ட இ. மயூரநாதனுக்குக் கிடைத்தது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர்கள் ஏராளம். ஆனால் யாரும் இல்லாத காலத்தில் கட்டுரைகளைக் குவித்து, பிறர் வந்து சேர வழி செய்தவர் அவர். முதல் அடி எடுத்து வைத்தவரைப் போற்றுவது நியாயமே. அந்த மேடையில் மற்றவர்களின் பணியும் சொல்லப்பட்டால் அது முழுமை பெறும்.

பெயர் விடுபட்டால் மனத்தாங்கல் எவ்வளவு நீளும் என்பதற்கும் சான்று உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கருவகம் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள கருவிகளில் பல குனு திட்டத்திலிருந்து வந்தவை. அதனால் 'குனு/லினக்ஸ்' என்றே அழைக்க வேண்டும் என்று ஸ்டால்மன் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். பெரும்பாலோர் 'லினக்ஸ்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை ஏமாற்றும்

மூலநிரல் களஞ்சியங்களில் யார், என்று, எந்த வரியை மாற்றினார் என்ற பதிவு இருக்கும். அதை எண்ணி முதலிடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எழுத்துப்பிழை திருத்தும் நூறு சிறு மாற்றங்களும், மூன்று மாதம் துருவிக் கண்டுபிடித்த ஒற்றை வரித் திருத்தமும் அந்தப் பட்டியலில் வேறுபாடு தெரியாமல் கிடக்கும். மொழிபெயர்த்தவர், புதியவர்களுக்குப் பதில் சொன்னவர், பாடக்குறிப்பு எழுதியவர் பலர் அதில் இருக்கவே மாட்டார்கள். இதைச் சரிக்கட்ட லினக்ஸ் கருவகத்தில் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தோடும் வழுவைத் தெரிவித்தவர், சோதித்தவர், மறுபார்வை செய்தவர் பெயர்களையும் குறிக்கிறார்கள்.

நிறைய வேலை செய்தார் என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பைத் தருவதும் ஆபத்து. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளை ஊதியமின்றிப் பராமரித்துக் களைத்துப் போயிருந்தார் லாஸ்ஸி காலின். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் அந்தக் கணக்கு வழியாகவே திருட்டுக் கதவு ஒன்று உள்ளே வைக்கப்பட்டது. கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஐயப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் அதை வெளிக்கொண்டு வந்தார். அதிகாரபூர்வப் பதவி எதுவும் இல்லாமல் அவர் செய்த அந்தச் சோதனை, ஆண்டுக்கணக்கான நிரல் வரிகளைவிட மதிப்புள்ளது.

காப்பவரை மறக்கும் பழக்கம்

புதிதாகச் செய்பவருக்கு மாலை எளிதில் விழும். பழையதைப் பழுதுபார்ப்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெரிய பாதுகாப்புக் குறை வெளிவந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடையாக ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலரே வந்துகொண்டிருந்தது என்று உலகம் அறிந்தது. மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் குனுபிஜி மென்பொருளைப் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாகத் தாங்கிய ஜெர்மானியர் வெர்னர் காக், பணமில்லாமல் திண்டாடிய செய்தி 2015இல் வெளிவந்தது. உடனே நன்கொடைகள் குவிந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அந்த ஆண்டு விருதும் அவருக்கே கிடைத்தது.

கோயில் விளக்கில்கூட 'உபயம்' என்று பெயர் இருக்கும். தினமும் திரி போட்டு ஏற்றுபவர் பெயர் எங்கும் இராது. மென்பொருளிலும் கதை இதுதான். ஆனால் இங்கே ஏற்றுபவர் ஒதுங்கிவிட்டால் பணி நின்றுவிடும், பாதுகாப்பும் கெடும். அங்கீகாரம் என்பது வெறும் மரியாதை அன்று. பணி தொடர்வதற்கான தேவையும் அதுவே.

நம் சங்கங்கள் கேட்க வேண்டியவை

கோலாலம்பூர் 2001இலும் 2013இலும் உலகத் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய நகரம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் அமைப்புகள் பல உள்ளன. ஒரு சங்கமோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இத்துறையில் ஒருவரைச் சிறப்பிக்க நினைத்தால் சில கேள்விகள் உதவும்.

முதலாவது, மூலநிரலும் உரிமமும் பொதுவில் உள்ளனவா? உரிமம் குறிக்கப்படாத மென்பொருளைப் பிறர் சட்டப்படி எடுத்து வளர்க்க முடியாது.

இரண்டாவது, அவர் நாளை விலகினால் வேறொருவர் தொடர முடியுமா? குறிப்புகள் எழுதியிருக்கிறாரா, அடுத்தவரைப் பழக்கியிருக்கிறாரா?

மூன்றாவது, எவருடைய வேலையின் மேல் இது நிற்கிறது? பரிந்துரைக்கப்பட்டவரிடமே உடன் உழைத்தோர் பட்டியலைக் கேட்டு வாங்கி, மேடையில் வாசிக்கலாம். பட்டியல் தரத் தயங்குபவரைப் பற்றி அப்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

நான்காவது, வெளியிட்ட பிறகு எத்தனை ஆண்டுகள் கவனித்தார்? வழு என்று சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்ததா?

ஐந்தாவது, நிரல் எழுதாதவர்களைத் தேடிப் பார்த்தோமா? பட்டியல் சொற்களைத் தமிழாக்கியவர், எழுத்துரு வரைந்தவர், பள்ளியில் பயிற்சி நடத்தியவர் தாமாகப் பெயர் கொடுக்கமாட்டார்கள். பரிந்துரைகளுக்காகக் காத்திருக்கும் குழு அவர்களைத் தவறவிடும்.

சிறப்பிக்கும் விதமும் கவனத்திற்குரியது. பொன்னாடை அன்றைய நாளோடு மடித்து வைக்கப்படும். ஓராண்டு வழங்கி வாடகையை ஏற்பது, பழைய கணினிக்குப் பதில் புதியது வாங்கித் தருவது, இரு மாணவர்களை உதவிக்கு அனுப்புவது ஆகியவை பணியையே தாங்கும். விண்ணப்பம் வராவிட்டாலும் குழுவினர் ஒரு வேலை செய்யலாம்: தம் பள்ளியும் சங்கமும் நாள்தோறும் பயன்படுத்தும் தமிழ் மென்பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் 'இதைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து, அங்குள்ள பெயர்களைப் படித்துப் பார்க்கலாம். அடுத்த விருதுக்கு உரியவர் அதில் இருக்கக்கூடும்.